தென்காசி எக்ஸ்சேஞ்சில் கிரேஸ் அக்கா

நேற்று செல்போனிடம் "குற்றாலத்தில் சாரல் உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றது. குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் கரிசனமாகச் சேர்த்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவாம். சாரல் என்றதும் எனக்கு ஈரச் சேலை வாசனையோடு கிரேஸ் அக்காதான் நினைவுக்கு வந்தாள்.

அறுபதுகளில் நாங்கள் இருவரும் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். ரிசீவரை எடுத்தால் எங்கள் குரல்தான் வரும். கேட்ட எண்ணுக்குப் போர்டில் வயரைச் செருகி இணைப்போம். சம்பந்தி வீட்டைக் கேட்டவருக்கு இறைச்சிக்கடையைக் கொடுத்த பெருமை எனக்குண்டு. அக்காவுக்கோ ஊரே விரல்நுனியில்.

ஒரு சாரல் நாளில் மதுரையிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். "இனி ஆளே வேண்டாம்மா. மெஷினே இணைச்சிரும். பின்னால அதுவே யோசிக்கவும் செய்யுமாம்" என்றார். வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான எனக்கு, இந்த வேலையும் போய்விடுமோ என்று பயம் வந்தது.

அந்நேரம் புளியங்குடியிலிருந்து ஓர் எலுமிச்சை வியாபாரி கூப்பிட்டார். "தாயி, மவளுக்குப் பிரசவ வலி. பிள்ள குறுக்க கெடக்காம். கார்ல கொண்டு வாரோம். டாக்டரம்மாட்ட சொல்லிருங்க."

டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "காலையில டாக்டரம்மா குற்றாலத்துல ஒரு லாட்ஜுக்கு லைன் கேட்டாவ. போன வருசமும் மொத சாரலுக்கு அதே லாட்ஜுதான். அவுகளுக்குக் கூட்டம் ஆகாது. ஐந்தருவிக்குத்தான் போயிருப்பாவ."

லாட்ஜுக்குப் பேசினாள். அவர்கள் ஐந்தருவிக்கு ஆள் அனுப்பினார்கள். டாக்டரம்மா தலைகூடத் துவட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர், "இதை மெஷினுக்கு எப்படிம்மா சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.

"எனக்கு யாரு சார் சொல்லித் தந்தா? கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். அதுவும் கேட்டுக்கிட்டே இருந்தா தெரிஞ்சுக்கிடும். வரட்டும். நாங்க லீவு போட்டாலும் நாலு உசுரு பிழைக்கும்லா" என்றாள் அக்கா.

வேலை போய்விடும் என்று பயந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

சில வருடங்களில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய போர்டை லாரியில் ஏற்றிய அன்று அக்கா புது டெலிபோனில் ஓர் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்ததும், "தானாப் போயிட்டு பாரேன்" என்று சிரித்தாள்.

மெஷின்கள் இன்னும் என்னென்னவோ கற்றுக்கொள்ளும். நல்லதே செய்யும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பின்னாளில் போனில் நான் சொன்ன ஒற்றை 'ஹலோ'வில், "என்னட்டி, அழுதியா?" என்று கேட்ட அக்காவின் குரல், தென்காசியில் இப்போது எந்த எண்ணிலும் கிடையாது.