தெருத் தறிகளை நான் நிறுத்திய காலை

தம்பி பட்டுச் சேலை மூட்டையோடு பானிப்பட்டில் நடந்த கைத்தறிக் கண்காட்சிக்குக் கிளம்பியபோது, நான் அவனுக்கு ஒரு பொட்டலம் முறுக்காவது வாங்கித் தந்திருக்கலாம். அதற்குப் பதில், மராட்டியர் அங்கே தோற்ற கதையைச் சொல்லும் தடிமனான புத்தகம் ஒன்றை எனக்கு வாங்கிக்கொண்டேன். படித்தவன் வழியனுப்பும் லட்சணம் இது.

ஐந்தாம் நாள் காலை தொலைக்காட்சியில் செய்தி. பானிப்பட் நெடுஞ்சாலையில் பனிமூட்டத்தில் பேருந்து கவிழ்ந்துவிட்டதாம். இறந்தவர்களில் தமிழகத்துக்காரர்களும் உண்டாம். பெயர் சொல்லவில்லை. அன்று காலை அந்தச் சாலையில்தான் தம்பி தில்லிக்குத் திரும்ப வேண்டும். பதினோரு முறை அழைத்தேன். பதினோரு முறையும் ஒரு பெண் இந்தியில் மரியாதையாக ஏதோ சொன்னாள். எனக்கு இந்தி தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் மோசமாகவே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

தம்பி மனைவி தறியில் இருந்தாள். "பேட்டரி தீந்திருக்கும் மாமா" என்றாள், தலை நிமிராமல்.

புத்தகமும் கையுமாக வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு நெசவாளி, தம்பியிடமிருந்து தகவல் உண்டா என்று கேட்டார். இல்லை என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயந்தால் எனக்கு வாய் நிற்காது. அந்தப் போருக்குப் பிறகு மராட்டிய நாட்டில் சாவு விழாத வீடே இல்லை என்றேன். படைத்தலைவரின் மனைவி மட்டும் அவர் இறந்ததை நம்ப மறுத்து, கடைசிவரை குங்குமத்தை அழிக்கவில்லை என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அவர் தறி நின்றது. பிறகு அடுத்த வீட்டுத் தறி. அதற்கடுத்தது. எங்கள் தெருவில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை யாரும் நெய்யமாட்டார்கள். அந்த அமைதி வேறெதற்கும் வந்து நான் கேட்டதில்லை. புரளியைக் கிளப்பிவிட்டவன் நானேதான் என்று தெரிந்தும் எனக்கே சந்தேகம் வந்தது. இத்தனை பேர் நிறுத்தியிருக்கிறார்களே, எனக்குத் தெரியாதது ஏதாவது இவர்களுக்குத் தெரிந்திருக்குமோ?

தம்பி மனைவி வெளியே வந்தாள். வாசல்களில் வந்து நின்றவர்களை இரு பக்கமும் பார்த்தாள். பிறகு என்னை.

"யாரு மாமா சொன்னது?"

நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"எங்க வூட்ல யாரும் சாவல. போய் தறியில குந்துங்கபா" என்றாள் தெருவைப் பார்த்து. யாரும் அசையவில்லை. அவள் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்த ஒற்றைத் தறியின் சத்தம், சேலைக்கு வேண்டியதைவிடப் பலமாகத் தெருவெல்லாம் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து தம்பி பேசினான். செல்போன் தொலைந்து, அதைத் தேடப் போனதில் பேருந்தையும் விட்டுவிட்டானாம். தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்குமுன் அவனே கேட்டான். குரலில் பயம்.

"இன்னாண்ணா, நம்ம தறி மட்டும் ஓடிக்கினு இருக்குது? தெருவுல யாரு செத்துப் பூட்டாங்க?"

போனை அவளிடம் நீட்டினேன். அப்போதுதான் அந்தத் தறியும் நின்றது.