வெந்த கிழங்கு

எங்கள் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளரைப் பிள்ளைகள் ‘குண்டூசி அக்கா’ என்பார்கள். வெள்ளைக் கோட்டின் காலரில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும். உருளைக்கிழங்கின் அடியில் தோலைச் சீவி, நடுவே குடைந்து, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, அது நிற்கும் மட்டத்தில் ஊசியைக் குத்துவார். கிழங்கைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் வெளித் தண்ணீர் திசுக்களின் வழியே உள்ளே புகும். கரைசல் ஊசியைத் தாண்டி ஏறும். சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

பக்கத்து அறையில் நான் எழுத்தராக இருந்தேன். அக்காவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்தது இது.

இளவயதில் அக்காவும், பின்னாளில் எங்கள் தலைமையாசிரியரானவரும், ஒரே உயிரியல் ஆசிரியர் வேலைக்குப் போட்டியிட்டார்கள். தேர்வுக் குழுவின் முன் இருவரும் இந்தச் சோதனையைச் செய்து காட்டினார்கள். போட்டியாளரின் கிழங்கில் கரைசல் ஏறியது. அக்காவின் கிழங்கில் அசையவே இல்லை.

“உருளைக்கிழங்குக்குக்கூட உங்களப் பிடிக்கல போலிருக்கே!” என்றார் அவர். குழு விழுந்து விழுந்து சிரித்தது.

பிறகு கழுவும் தொட்டியருகே அக்கா அந்தக் கிழங்கை அழுத்தினார். நகம் குழைவாக உள்ளே இறங்கியது. சோதனைக்கு முந்தைய தேநீர் இடைவேளையில் யாரோ அதை வேகவைத்து, ஆறவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள். வெந்த திசு செத்த திசு; அதில் கரைசல் ஏறாது. இடைவேளையில் அடுப்பருகே நின்றவர் அந்தப் போட்டியாளர் மட்டும்தான்.

சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை அவருக்குப் போனது. அக்கா உதவியாளராகச் சேர்ந்து, அவர் பயன்படுத்திய பாத்திரங்களைக் கழுவினார்.

“எப்படிம்மா பொறுத்துக்கறே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பொறுத்துக்கறேன்னு யாரு சொன்னா அண்ணே? காத்துக்கிட்டிருக்கேன்.”

தலைமையாசிரியர், கல்வி அதிகாரியாகப் பதவி உயரும் நேரம் வந்தது. அவர் பாடம் நடத்துவதைப் பார்க்க ஓர் அதிகாரி அம்மையார் வந்தார். தலைமையாசிரியர் தேர்ந்தெடுத்தது அதே சோதனை. அவர் கைபடத் தேவையில்லாதபடி அக்கா எல்லாவற்றையும் மேசையில் தயாராக வைத்திருந்தார்.

பாடவேளை முடியப் போகிறது. கரைசல் ஊசியைத் தாண்டவில்லை. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

“வெந்த கிழங்கு! வேணும்னே வேகவச்சிருக்கா!” என்று கத்தினார் தலைமையாசிரியர்.

“தொட்டுக்கூடப் பாக்கலியே, அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சுது சார்?” என்றார் அம்மையார்.

அக்கா அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து வந்தார். அதிலிருந்த கிழங்கின் குழியில் கரைசல் விளிம்பில் தளும்பியது.

“இது பச்சைக் கிழங்கு மேடம். ஒப்பிட்டுப் பாக்க ரெண்டும் வேணுமில்ல? வெந்ததுல ஏறாதுன்னு எனக்கு முதல்ல காட்டினதே சார்தான், நாங்க ரெண்டு பேரும் ஒரே வேலைக்குப் போட்டி போட்ட அன்னிக்கு.” பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பினார். “உருளைக்கிழங்குக்குக்கூட உங்களப் பிடிக்கல போலிருக்கே சார்!”

வகுப்பு சிரிப்பில் அதிர்ந்தது. அம்மையார் மேலே எதுவும் கேட்கவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. அக்காவுக்கு அதன்பின் ஆசிரியர் வேலை கிடைத்ததாகச் சொல்பவர்கள் கதை விடுகிறார்கள், கிடைக்கவில்லை.

“இப்பவாவது மனசு ஆறிச்சா?” என்றேன்.

“பாதி.”

மீதி, தலைமையாசிரியரின் ஓய்வு விருந்தில். எல்லோர் தட்டிலும் கேக். அவர் தட்டில் மட்டும் தோலுரித்த ஒரு முழு உருளைக்கிழங்கு, அதில் ஒரு குண்டூசி.

“சாப்பிடுங்க சார், நல்லா வெந்திருக்கு.”

அவர் ஊசியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, தலை நிமிராமல் கிழங்கைத் தின்றார். எதிரில் உட்கார்ந்து அக்கா கேக்கை ரசித்துச் சாப்பிட்டார்.