கோஷர் கேட்டவங்களும் என் மூணு கல் அடுப்பும்

இலங்கை மலைநாட்டு எல்ல டவுனுல சுற்றுலாக்காரங்களுக்குச் சமைச்சுப் போடுற அக்கா தம்பிகளே, உங்களுக்கே தெரியும்: நம்ம தொழில்ல அடுப்பைவிட ஆளுங்க பண்ற கூத்துதான் அதிகமா சுடும். நான் செல்வி, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்காரி, ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல சமையல். சீசன் தொடங்கும்போதே முதலாளி சொல்லிட்டாரு: "வர்றவங்கள்ல பாதிப்பேர் இஸ்ரேல்காரங்க. ஒருத்தரும் இங்க சாப்பிடுறதில்ல. இப்படியே போனா குசினிய மூடிருவேன் செல்வி." மூடுனா நான் திரும்பவும் கொழுந்துக் கூடைய மாட்டணும். அவங்க சாப்பிடாததுக்குக் காரணம் ஒரே வார்த்தை: கோஷர். அவங்க யூத மதத்துச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு.

கோழியும் தயிரும்

முதல்ல ஒரு பையனும் பொண்ணும் வந்து "கோஷரா?"ன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? வெள்ளைக்காரங்க எது கேட்டாலும் நமக்கு "யெஸ்"தான். கோழிக்கறி வச்சு, பக்கத்துல எருமைத் தயிரும் வச்சேன். ரெண்டு பேரும் கையத் தூக்கிட்டாங்க. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாதாம். "சரி, தயிர எடுத்துர்றேன்"னேன். போதாதாம். கோழிய அவங்க முறைப்படி அறுத்திருக்கணும், சட்டி தனி, தட்டு தனி, கரண்டி தனி. அம்மில அரைச்ச மசாலாவெல்லாம் நாசமாப் போச்சு. அந்தப் பையன் பாவமாச் சொன்னான்: "வாழைப்பழம் இருக்கா? தோலை நாங்களே உரிச்சிக்கிறோம்."

இறால் கேட்டவரு

அடுத்து வந்த இஸ்ரேல்காரருகிட்ட நானே முந்திக்கிட்டு, "பாலும் இறைச்சியும் சேர்க்க மாட்டேன் சேர், புதுத் தட்டு வாங்கி வச்சிருக்கேன்"னு ஒப்பிச்சேன். அவரு இறால் கேட்டாரு. அதுமேல சீஸ் வேற! இறால் அவங்களுக்கு ஆகவே ஆகாதுன்னு எங்க வாசல்ல ஓட்டோ ஓட்டுற சிவா அதுக்குள்ள எனக்குப் பாடம் எடுத்திருந்தான். தலையில அடிச்சிக்கிட்டேன். சரி, எல்லாம் சாப்பிடுற ஆளு போலன்னு நெனச்சு, பன்றி இறைச்சியும் இருக்குன்னேன். மூஞ்சி சுருங்கிப்போச்சு. "ச்சே, எதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல!"

ஓட்டோ சிவா

ஒரு பொண்ணு பாலம் பார்க்கப் போக ஓட்டோ கேட்டா. சிவாவக் காட்டுனேன். "இவர் கோஷரா?"ன்னா. ஏம்மா, அவனச் சமைச்சா சாப்பிடப்போற? அப்புறம்தான் விளங்குச்சு, நம்பிப் போகலாமான்னு கேட்குறா. சட்டிக்கும் அதே சொல்லு, சாரதிக்கும் அதே சொல்லுன்னா மனுசி என்னதான் செய்வா! சிவாவுக்கு ரோசம் வந்துருச்சு: "ஓட்டோ ஓட்டுறதப் பார்க்கச் சொல்லுக்கா. மத்தியானம் நான் என்ன தின்னா இவங்களுக்கென்ன?"

காப்புக் கட்டுன வாரம்

சீசன் முடியப்போற நேரம். வயசான ஒரு புருஷனும் பொஞ்சாதியும் வந்து தங்குனாங்க. வந்ததுலருந்து பிஸ்கட்டும் பழமும்தான். முதலாளி குசினிச் சாவிய விரல்ல சுத்திக்கிட்டே திரிஞ்சாரு. அந்த நேரம் பார்த்து எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கையில காப்பு கட்டியிருந்தேன். அத அவுக்குற வரைக்கும் கவிச்சி பட்ட சட்டில ஒரு வாய் தின்ன மாட்டேன். கொல்லைப்பக்கம் மூணு கல்லு வச்சு, புது மண்சட்டில எனக்கு மட்டும் சோறும் பருப்பும் ஆக்கிக்குவேன்.

அந்தம்மா வந்து, ஏன் வெளியில ஆக்குறேன்னு கேட்டாங்க. சொன்னேன். கண்ணு விரிஞ்சுபோச்சு. "எங்களுக்கும் இப்படி ஆக்கித் தர்றியா?"ன்னாங்க. மறுநாளே இன்னும் ரெண்டு புதுச் சட்டி வாங்கிட்டு வந்தேன். அதோட முடிஞ்சுதா? கறிவேப்பிலைய இலை இலையா வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க, பூச்சி இருக்குமாம். அடுப்பையும் அவங்கதான் பத்த வைக்கணுமாம், அப்பத்தான் கோஷராம். "காப்பு அவுக்குற வரைக்கும் என் அடுப்ப யாரும் தொடக் கூடாதும்மா"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். போச்சுடா, கோவிச்சுக்கிட்டுப் போகப்போறாங்கன்னு பயந்தா, அவங்களே குனிஞ்சு வேற மூணு கல்லு பொறுக்கி, தனியா அடுப்புக் கூட்டிப் பத்த வச்சாங்க. நான் ஆக்குனேன். ரெண்டு பேரும் சட்டிய வழிச்சுச் சாப்பிட்டாங்க. ஜன்னல்ல நின்ன முதலாளி சாவியச் சட்டைப்பையில போட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"நீயும் உக்காரு"ன்னு அந்தம்மா ஒரு தட்டு நீட்டுனாங்க. "கோவிச்சுக்காதீங்கம்மா, இது நான் மூட்டுன அடுப்பு இல்ல, எனக்கு ஆகாது"ன்னேன். அவங்க புருஷன் பக்கம் திரும்பி விழுந்து விழுந்து சிரிச்சாங்க: "பார்த்தீங்களா, நம்மளவிட மோசமான ஒருத்திய இப்பத்தான் பார்க்குறேன்!"

'இதையும் சாப்பிட மாட்டாங்களா'ன்னு சீசன் பூரா தலையில அடிச்சிக்கிட்ட என் குசினியக் கடைசில காப்பாத்துனது, நானும் சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிச்சதுதான்.