கையா, துப்பாக்கியா

அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவளை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நரம்பே தென்படாத பெரியவர்கள், ஊசியைக் கண்டதும் கூரை பிய்ந்துபோக அலறும் குழந்தைகள், மூன்று பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட நோயாளிகள் என எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்வார்கள். முழங்கை மடிப்பில் விரலால் இரண்டு தரம் தடவிப் பார்ப்பாள். "எங்க, ஒரு தடவை இருமுங்க பாப்போம்" என்பாள். இருமி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும்.

துப்பாக்கிப் பைத்தியம் அவளுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் பிடித்தது. பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை முன்னால் புருஷன் சும்மா இருக்காமல், "உன்னால முடியாது, வா" என்று சொல்லிவிட்டான். அவள் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு உடைத்தாள். கடைக்காரன் கும்பிடு போட்டு, "அம்மா, நீங்க கிளம்புங்க, நான் பொழைக்கணும்" என்றான். அடுத்த மாதமே, பைப்புக்கடைக்காரர் ஒருவர் தன் கிடங்குக்குப் பின்னால் நடத்திவந்த சுடும் கிளப்பில் சேர்ந்துவிட்டாள். நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் மேசைகள், பத்து மீட்டர் தள்ளி அட்டை இலக்குகள்.

பந்தயத் துப்பாக்கிகளின் விலையைக் கேட்டதுமே வாயை மூடிக்கொண்டாள். இருப்பதிலேயே மலிவான ஒரு ஏர் கன்னை வாங்கினாள். குழாயை நடுவில் மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும். ஒரு ஈயக்குண்டைப் போட்டு நிமிர்த்திச் சுட வேண்டும். சுட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம், தோளில் ஓர் உதை, குண்டு போகிற இடம் அதற்கே வெளிச்சம்.

அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்துத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டாள். கம்பெனி பஸ் ஓட்டும் புருஷன் கிளாம்பைப் பிடித்துக்கொள்ள, ஸ்பிரிங்கை மெல்ல மெல்லத் தளர்த்தி வெளியே எடுத்தாள். கூராக இருந்த அதன் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினாள். ஓரம் கிழிந்திருந்த பிஸ்டன் வாஷரை மாற்றினாள். உள்ளே அப்பியிருந்த கறுப்புப் பசையைத் துடைத்துவிட்டு, நகத்தில் தொட்ட அளவு புது கிரீஸ் தடவினாள். விசையின் இழுப்பைக் குறைத்தாள். மறுபடி மாட்டிச் சுட்டபோது 'தொப்' என்று ஒரே ஒரு சத்தம். ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பித்தானுக்குள் அடங்கின. அன்று அவள் அந்த அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டினாள்.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. பிறகு குண்டுகள் சிதற ஆரம்பித்தன. முதல் வாரம் பித்தான் அளவு தாண்டியது. நாலாவது வாரம் உள்ளங்கை அகலம் ஆனது. துப்பாக்கிக்கு அடியில் இருக்கும் மரப் பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளைத் திருகிப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தன. குண்டு டப்பாவை மாற்றினாள். உட்காரும் விதத்தை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் அவள் தன் கையையே சந்தேகப்பட்டாள். அவளுடைய அம்மாவுக்கு ஐம்பதை எட்டும்போது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது, பிறகு டம்ளர் பிடிக்க முடியாமல், கடைசியில் ஸ்பூனைக்கூட மகள்தான் வாயில் கொடுக்க வேண்டியிருந்தது. இவளுக்கு இப்போது நாற்பத்தேழு.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். நடுங்குவது போலவும் இருந்தது, நடுங்காதது போலவும் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவருக்கு முதல் குத்திலேயே நரம்பு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. "பரவாயில்ல தாயி" என்று அவர் சொன்னதுதான் இன்னும் வலித்தது. அன்று சாயங்காலமே தலைமை டெக்னீஷியனிடம் போய், பதிவு மேசைக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள். முதுகு வலி என்று காரணம் சொன்னாள்.

கிளப்பில் பைப்புக்கடைக்காரர் ஒரு நாள், "குடுங்க அக்கா, நான் ஒரு ரவுண்டு போட்டுப் பாக்கறேன்" என்று கை நீட்டினார். அவள் துப்பாக்கியை உறையில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் சுட்டு, குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுந்துவிட்டால்? அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

விஷயம் புருஷனுக்குத் தெரிய வந்தது. காலையில் டீ குடிக்கும்போது அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டான்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாமயா டம்ளர கழுத்த நெரிக்கற மாதிரி பிடிச்சிருக்க?"

அவள் அழுதபடி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு சொன்னான்: "இங்க பாரு. வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு வை. ஷெட்டுல முதல்ல என்ன பண்ணுவோம்? வேற டிரைவர ஏத்தி ஓட்டச் சொல்லுவோம். அவன் ஓட்டியும் இழுத்தா, வண்டிக் கோளாறு. நீ வண்டியையே யாருக்கும் தர மாட்டேங்கற."

"அவர் ஒழுங்கா சுட்டுட்டா?"

"அப்ப டாக்டர்கிட்ட போவோம். நான் கூட வரேன். தெரியாமயே தினம் சாகறதுக்கு அது மேல்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். பைப்புக்கடைக்காரர் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, நிதானமாக ஐந்து குண்டு சுட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன்தான் போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான். வரும்போதே அவன் பல்லெல்லாம் தெரிந்தது.

"சார், இது சுட்டதா, இல்ல கோழி கிளறுனதா?"

ஐந்து ஓட்டைகளும் அட்டையின் ஐந்து திசையில் இருந்தன. பைப்புக்கடைக்காரரின் முகம் சுருங்கியது. "நான் இவ்வளவு மோசமா சுட்டதே இல்லையே" என்று துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு மனிதர் இத்தனை கேவலமாகச் சுட்டதற்கு யாரும் அத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மரப் பலகையைக் கழற்றியதும் கோளாறு தெரிந்தது. குழாய் மடங்குகிற இடத்தில் இருக்கும் போல்ட் தளர்ந்து, குழாய் பக்கவாட்டில் ஆடியது. போல்ட்டைக் கழலாமல் பிடித்திருக்க வேண்டிய குட்டித் திருகை, மறுபடி மாட்டியபோது அவள் இறுக்கவே இல்லை. பலகை மூடியிருந்ததால் வெளியே தெரியவும் இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் துளித் துளியாகக் கழன்றிருக்கிறது.

"என் தப்புதான்! நானே பண்ணுன தப்பு!" என்று அவள் கூவினாள். பரிசு வாங்கியவளின் குரல் அது. இறுக்கி, ஆட்டம் போய்விட்டதா என்று பார்த்து, உட்கார்ந்து சுட்டாள். ஐந்தும் பழையபடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

அப்படியும் புருஷன் விடவில்லை. "எதுக்கும் ஒரு தடவை காட்டிடுவோம்" என்று மறுநாளே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார். "ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை டீ?" என்றார். எட்டு என்றாள். "மூணாக்குங்க" என்றார்.

தலைமை டெக்னீஷியனிடம் கடிதத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது அந்த அம்மாள் மேசை டிராயரைத் திறந்தாள். கடிதம் மடித்தபடியே கிடந்தது.

"மேல அனுப்பலையா மேடம்?"

"உனக்கு முதுகு வலின்னு யார் நம்புவா? குனிஞ்சு நிமிர்ந்து இந்த ஃப்ளோரையே நீதான சுத்தற. சரி, பத்து நாள் போகட்டும்னு வச்சிருந்தேன். போ, மூணாவது வார்டுல ஒருத்தருக்கு நரம்பே கிடைக்கலயாம்."

ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

அந்த மாதக் கடைசியில் நடந்த கிளப் போட்டியில் இருபத்து மூன்று பேரில் ஒன்பதாவதாக வந்தாள். ஒன்பதாவது ஆளுக்கு யாரும் கைதட்டவில்லை. திரும்பும்போது புருஷனின் காலி பஸ்ஸில் கடைசி நீள இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். அவன் ஏதோ கேட்டான், பதில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தான். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மேடு பள்ளம் பார்த்து, வண்டியை மெதுவாக ஓட்டினான்.