மேலே நேராக நின்ற வேலி

சரிந்த வளவில் மகன் தகரவேலி போட நூல் பிடிக்கிறான். குழி தோண்டும் அலவாங்கு கிரவல் மண்ணில் மோதும் சத்தம் என்னைச் சின்ன வயதில் இருந்த தர்மபுரத்து வீட்டுக்கு இழுத்துப் போகிறது.

அதுவும் சரிவு வளவுதான். அப்பா மேல்விளிம்பு மட்டமாக வரும்படி தென்னோலைக் கிடுகுவேலி கட்டினார்.

"நேரா நிக்குதோ பிள்ளை?"

"ஓமப்பா" என்றேன்.

பள்ளத்துப் பக்கம் வேலிக்கு அடியில் ஒரு முழம் வெளித்துக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, கீழால பண்டி பூந்திடும்" என்றார் அம்மா.

"நீர் மேல பாரும்" என்றார் அப்பா.

வளவில் போட்ட கச்சான் கடலையைப் பிடுங்க வேண்டிய கிழமையில் காட்டுப்பன்றிகள் வந்துபோயின. காலையில் கிண்டிய மண்ணெல்லாம் பச்சைக் கச்சான் வாசம். அம்மா வெறுங்கொடி ஒன்றைப் பிடித்தபடி குந்தியிருந்தார். அப்பா அப்போதும் வேலியின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேரா நிக்குதோ அம்மா?" மகன் கேட்கிறான்.

"கீழால பண்டி வரும் தம்பி" என்று மகனுக்குச் சொல்கிறேன்.

"மேல நேரோ எண்டுதான் கேட்டனான்."

"ஓம்" என்கிறேன்.