பாலத்தின் அடிப்பக்கம்

கடலூரிலிருந்து சிதம்பரம் கோயிலுக்கு மகனோடு பைக்கில் போகும்போது, புது ரோட்டை விட்டு பழைய ரோட்டிலிருக்கும் கருங்கல் பாலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

"எம்மா, பன்னெண்டுக்கு நடை சாத்திடுவாங்க. அப்புறம் சாயந்திரந்தான்" என்றான்.

"சாமி எங்கியும் ஓடிடாது. வண்டிய நிறுத்து."

மேலே நின்றால் பாலம் தெரியாது, ரோடுதான் தெரியும். முட்டிவலியோடு சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, வளைவுக்கு அடியில் போனேன். நாற்பது வருடம் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன், சுவரைப் பார்த்ததும் படித்துவிடுவேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே என் நகம் நுழையவில்லை.

சுவரில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருந்தன.

"பாரு, இடிஞ்சி கெடக்கு" என்றான் மகன்.

"டேய், அது சாரம் கட்ட வுட்ட ஓட்டை. அதுல கட்டைய சொருவி, பலகை போட்டு, மேல நின்னு கட்டியிருக்காங்க. வேலை முடிஞ்சா நாங்க அடைச்சிடுவோம். இங்க எவளோ அடைக்காம போயிட்டா."

"அவள மேஸ்திரிகிட்ட போட்டுக் குடுத்துடலாமா?" என்று சிரித்தான்.

ஓர் ஓட்டைக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. உள்ளே குளிர்ந்திருந்தது; பழைய சுண்ணாம்பு உதிர்ந்து கையில் ஒட்டியது. அப்போது மேலே கரும்பு டிராக்டர் ஒன்று பாரத்தோடு போனது. கல் அதிரவே இல்லை. யார் கட்டியதோ, நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

கோயிலுக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. மகன் முறைத்தான். முந்தானையை விரித்து நிழலில் படுத்துக்கொண்டேன். சாயந்திரம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கும்பிட்டேன். முழங்கையில் அந்தச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது.