அவள் பிரிக்காத சடை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. எங்களுடையது பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டைத் தாண்டினால் நெல், நெல்லைத் தாண்டினால் கரும்பு. எனக்குக் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வரும்போது அழுகிற முகமாக வருகிறவர்கள் போகும்போது சிரித்துக்கொண்டு போவார்கள். மோட்டார் ஓடுகிறதோ இல்லையோ, நான்கு ஜோக் கியாரண்டி. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பயமோ அவ்வளவு ஜோக் வெளியே வரும் என்பது ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். என் மனைவிக்கு.

அந்த மாசியில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்ட, பிள்ளையார்குப்பம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள். அவர்களும் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் முடிந்துவிட்டது.

பாடை தூக்க வந்தவர்களிடம், "மெதுவா தூக்கினு போங்கப்பா, குலுங்கினா அவளுக்கு வாந்தி வரும்" என்றேன். இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஜோக் சொல்லவில்லை. பஸ்ஸில் போனால் அவளுக்கு நிஜமாகவே வாந்தி வரும்.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பல் விளக்குவதிலிருந்து உள்பாவாடை துவைப்பதுவரை அவளுடைய சகலமும் அம்மா இலாகா. என் இலாகாவில் இருந்தது பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது மட்டும்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போனதும், வீட்டில் நானும் அவளும், மீந்துபோன வடையும். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பதினாலு வயதுப் பெண்ணை இனிமேல் நான்தான் வளர்க்க வேண்டும்.

பயம் வந்தால் நான் என்ன செய்வேன்? சாமான் வாங்குவேன். பொடுகு ஷாம்பூ, மூன்று வகை சோப்பு, நாக்கு வழிக்க ஒன்று, நகவெட்டி இரண்டு, மீசை வைத்த ஆள் படம் போட்ட செண்ட் பாட்டில். ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஐந்தரை மணிக்குப் பல், ஐந்தே முக்காலுக்குக் குளியல், ஞாயிறு நகம், தலைக்குளியல், தினமும் உள்ளாடை மாற்று, வெயிலில் காயப் போடு.

அதோடு விட்டேனா? அவளை உட்கார வைத்துப் பாடம் வேறு நடத்தினேன். அக்குளைப் பற்றிச் சொல்லும்போது ஃபேனைப் பார்த்துச் சொன்னேன். அதற்கடுத்த விஷயத்தைக் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் பாவம் பார்த்து, "அப்பா, அதெல்லாம் அம்மா ஏழாவதுலயே சொல்லிக் குடுத்துடுச்சி. நீ மொதல்ல மூச்சு வுடு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, நீ குளிச்சி எத்தினி நாள் ஆவுது?" என்றாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன்.

அட்டவணையில் இருந்த எல்லாவற்றையும் அவள் செய்தாள். ஒன்றைத் தவிர. தலையை மட்டும் அலசவில்லை.

நான் முதலில் கவனிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை யாரும் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டோம், சீவவும் மாட்டோம். பதினாறு நாளும் வீட்டில் அத்தனை பேர் தலையும் வறண்டுபோய்ப் பறந்துகொண்டுதான் இருந்தது. அதில் அவள் தலை தனியாகத் தெரியவில்லை. பிணம் எடுத்த அன்று பெண்கள் அவள் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். சடையோடு நின்று வாங்கிக்கொண்டாள். காரியத்தன்று எண்ணெய், சீயக்காய் வைத்து எல்லாரும் தலை முழுகியபோது, இவள் பாத்ரூமுக்குள் போய்ச் சடையை நனைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கூட்டத்தில் யார் பார்க்கிறார்கள்?

அதற்கப்புறம் நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்தேன்? ஜோக் அடித்தேன். "இன்னாம்மா, தலையில காக்கா குடும்பம் நடத்துதா? வாடகை வாங்குடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சரி, நல்லா இல்லை போல என்று மறுநாள் வேறு ஜோக் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு டீச்சர் போன் செய்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். பாப்பா தலையில் பேன் சட்டைக்காலர் வரைக்கும் இறங்குகிறது, காதுக்குப் பின்னால் புண், வாடை வருகிறது, பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள். புதன்கிழமையிலிருந்து கடைசி பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். "வூட்டுல சொல்லலையா சார்?" என்று கேட்டார். திங்கட்கிழமை தலையைக் கவனித்துவிட்டு அனுப்பச் சொன்னார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் சாயங்காலம் நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். வழி முழுக்க நான்தான் பேசினேன்.

ஒருத்தருடைய மோட்டாரைப் பாதி பிரித்தபடி விட்டுவிட்டுக் கடையை இழுத்து மூடினேன். வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டால் நுழையவில்லை. திருப்பிப் போட்டேன், நுழையவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து, "அது என் வண்டிப்பா" என்றார். மருந்துக் கடையில் பேன் மருந்தும் பேன் சீப்பும் வாங்கிக்கொண்டு அரியாங்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "நாளிக்கு வரேன், அழாத" என்று வைத்துவிட்டாள். நான் அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பெண்ணை வெளிச்சத்தில் உட்கார வைத்துத் தலையைப் பார்த்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இன்னாடா, கொழந்தைய இப்டி வுட்டு வெச்சிகினு இருக்கிற? கண்ணு இல்ல உனக்கு?"

நனைந்து நனைந்து பிரிக்காமலே காய்ந்ததில் சடை கயிறு போல இறுகிக் கிடந்தது. அடியில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. பிரிக்கலாம் என்று அக்கா கையை வைத்ததும், அதுவரை சாதுவாக உட்கார்ந்திருந்தவள் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிச் சடையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கெஞ்சினாள், அதட்டினாள். "பொட்டப்புள்ள இப்டி நாறிக்கினு இருந்தா எவடி கிட்ட வருவா? பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திடுவாங்கடி." அவள் அசையவில்லை. கடைசியில் அக்கா என்னிடம் திரும்பி, "பிரிக்க வுட மாட்டா. வெட்டிடு. முடிதான, வளரும்" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது: திங்கட்கிழமை. என் பெண்ணின் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். கடைப் பையைத் துழாவி, இன்சுலேஷன் பேப்பர் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன். பயம் வந்தால் வாய் சும்மா இருக்குமா? "ஒரே வெட்டு. கரண்ட் போற மாதிரி, தெரியவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே சடையைப் பிடித்தேன்.

அவள் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, இது அம்மா போட்ட சடைப்பா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏனென்றால் நான் அங்கே இருந்தேன். அவள் அம்மா போவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்த என் மனைவி, "இன்னாடி தல இது" என்று மகளைக் கட்டிலோரம் இழுத்து உட்கார வைத்துச் சீவ ஆரம்பித்தாள். நடுநடுவே மூச்சு வாங்கினாள். நான் வாசலில் நின்று, "இன்னா, கல்யாணப் பொண்ணுக்கா சடை போடற? பஸ் போயிடும், சீக்கிரம் வுடு" என்றேன். முடிக்காமல், அடியில் ஒரு சாண் முடியை அப்படியே விட்டு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டாள். அன்றைக்கு அந்தப் பஸ் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான், "வெட்டினா சடை அப்டியே இருக்கும்டி கண்ணு. துணியில சுத்திப் பத்திரமா வெச்சிக்கலாம்" என்றாள். நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. என் பெண் சடையைத் தோள்வழியே முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"வேணாம் அத்த. பொட்டியில கெடக்கும்." அப்புறம் என்னைப் பார்த்து, "அப்பா, நீ பிரிச்சி வுடு. நீதான அன்னிக்கிப் பாத்துகினு இருந்த" என்றாள்.

பின்கட்டில் வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி அக்கா கொண்டுவந்து வைத்தாள். எரிந்த மோட்டாரில் பழைய காயில் கம்பியைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. எத்தனை சுற்று, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டும். அப்போதுதான் புதுக் கம்பியை அதே மாதிரி சுற்ற முடியும். என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. அதனால் அப்படித்தான் பிரித்தேன். விரலில் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு பின்னலாக, எண்ணிக்கொண்டே. இறுகியிருந்த முடிக்குள்ளேயும் வித்தியாசம் தெரிந்தது. மூன்று இடத்தில் பின்னல் ஒரு பக்கமாகத் தளர்ந்திருந்தது. அங்கேதான் என் மனைவி கையை நிறுத்தி மூச்சு வாங்கியிருக்க வேண்டும்.

பாதி பிரித்தபோது என்னையறியாமல் சொன்னேன், அவள் அம்மாவுடைய தலையணை உறையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை என்று. நான் வைத்திருக்கும் தலையணை நாறினால் அது பாசம், அவள் தலை நாறினால் அது அழுக்கு என்று இருந்திருக்கிறேன்.

"தெரியும்பா" என்றாள் திரும்பாமல். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் என்னைக் கிண்டல் செய்ததில்லை.

இருபத்திரண்டு பின்னல். கடைசியும் பிரிந்ததும் முடி முதுகு முழுக்க வளைந்து வளைந்து, அலையலையாகக் கிடந்தது. அவள் கையைப் பின்னால் விட்டு அந்த வளைவுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்பா" என்றாள். இருக்கட்டும் என்று விட்டோம். வெயில் சுவரேறும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

அப்புறம் அக்கா மருந்து போட்டாள், ஊற வைத்தாள், அலசினாள். பேன் சீப்பால் ஒரு மணி நேரம் வாரினாள். புண்ணுக்குக் களிம்பு தடவினாள். எல்லாம் முடிந்து முடி காய்ந்ததும் மகள் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். முடி கோடு கிழித்தாற்போல நேராகத் தொங்கியது.

"போயிடுச்சிப்பா" என்றாள்.

அம்மா செத்த அன்றுகூட அழாத பெண் அன்று அழுதாள். அவளைத் தேற்றுகிற சாக்கில் நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேரையும் தேற்ற வந்த அக்கா எங்களைவிடச் சத்தமாக அழுதாள்.

திங்கட்கிழமை காலையில் நான்தான் சடை போட்டேன். மோட்டார் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியதில் அவள் புருவமே மேலே ஏறிவிட்டது. அப்படியும் போனாள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். தலை சுத்தமான விஷயம் மற்றவர்களுக்குப் போய்ச் சேர அவ்வளவு நாள் ஆனது. அந்த இரண்டு வாரமும் சாயங்காலம் வண்டியில் வரும்போது அவள் பேசினாள், நான் கேட்டேன்.

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. தலை அலசுவது, சீவுவது எல்லாம் அவளே. என் உதவி எதற்கும் வேண்டியதில்லை. பிள்ளைகள் அழுக்காக இருந்தால் சோப்பு வாங்கிக் கொடுப்பதும் கிண்டல் பண்ணிச் சிரிக்க வைப்பதும் எனக்குச் சுலபமாக வந்தது. "ஏம்மா இதைக் கழுவாம வெச்சிருக்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எனக்கு அத்தனை நாள் வாய் வரவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை மன்னிக்க முடியவில்லை.